பந்தலரின் குளக்கரைச் சுற்றுலா

கிளிநொச்சியில் பந்தலரின் கதிரையில் இருக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது பந்தலரேதான். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் வாடகைப் பந்தலும், சனம் இருக்கிற கதிரையும் அவருடையவை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். போன இடத்தில் யாராவது "இருங்கோவன் அண்ணை" என்றால் கோபம் வந்துவிடும். "நான் இருந்தா ஆர் பாக்கிறது?" என்பார்.

அவருடைய மனைவி சரசக்காவுக்கு ஒரேயொரு ஆசை. இரணைமடுக் குளக்கரையில் ஒருநாள் முழுக்கப் புருஷனோடு இருக்க வேண்டும். தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கட்டிக்கொண்டு போன சோற்றை இரண்டு பேருமாக இருந்து சாப்பிட வேண்டும். இது ஒரு பெரிய ஆசையா, சொல்லுங்கள்? ஆனால் அக்கா சோறு கட்டி முடிக்கிற நேரம் பார்த்து ஊரில் யாராவது கண்ணை மூடிவிடுவார்கள். போன் அடிக்கும். பந்தலர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிடுவார். சோறு எங்கள் வீட்டுக்கு வரும். நாங்கள் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே அக்காவுக்காக வருத்தப்படுவோம்.

போன வைகாசியில் அக்கா முடிவாகச் சொன்னா.

"இந்த ஞாயிறு நீங்கள் வராட்டி நான் தனியப் போவன். பிறகு என்னோட கதைக்க வேண்டாம்."

பந்தலர் பயந்துவிட்டார். பயந்த மனிதர் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வார்? ஞாயிறு காலை, அக்கா துணைக்குக் கூப்பிட்ட நானும் அம்மாவும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறப் போனால் கால் வைக்க இடமில்லை. கூடாரம், அடுக்கடுக்காகக் கதிரை, தண்ணீர்ப் பீப்பாய்!

"அண்ணை, இதில போறது நாலு பேர்தானே?" என்றேன்.

"சும்மா இரு பிள்ளை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டவள். ஒரு குறை வரப்படாது."

குளக்கரைக்குப் போனதும் கூடாரம் அடித்துக் கதிரைகளை வரிசையாகப் போட்டார். மத்தியானம் கனகராயன்குளத்திலிருந்து வரவிருந்த அக்காவின் தங்கச்சி குடும்பம் வழிதவறக் கூடாதென்று, பாதையோரம் குருத்தோலைத் தோரணமும் கட்டினார். அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் தோரணத்தில் ஓலையால் மடிக்கிற குருவியின் தலை மேலே பார்த்தால் கலியாணவீடு, கீழே பார்த்தால் செத்தவீடு. அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் செத்தவீட்டு வேலை. கை அந்தப் பழக்கத்திலேயே மடித்துக் கட்டிவிட்டது.

விடியமுன் எழும்பிச் சமைத்த சரசக்கா, கூடாரத்துக்குள் பாய் விரித்து, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அயர்ந்து தூங்கிவிட்டா.

முதலில் ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு வந்து இருந்தார். பெருமூச்சு விட்டார். பிறகு இன்னும் சிலர். ஊர்ச் சனத்துக்குக் கதிரை போட்டே பழகிய பந்தலர் எதையும் சந்தேகிக்கவில்லை. "வாங்கோ, இருங்கோ" என்று எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

பெரியவர் மெல்லக் கேட்டார்: "எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"என்னத்தை?"

பெரியவர் நாடியால் பாயைக் காட்டினார். பந்தலர் பாயைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"ஐயோ, அது என்ர மனுசியெல்லோ!"

அவ்வளவுதான். வந்திருந்த ஒரு மாமி, "என்ர ராசாத்தி, போயிட்டியோ!" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டா. சரசக்கா துடித்து எழும்பி இருந்தா. பெரியவர் ஹெல்மெற்றைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஆர் செத்தது?" என்றா அக்கா.

அக்கா தோரணத்தைப் பார்த்தா, கையில் தண்ணீர்ச் செம்போடு நின்ற புருஷனைப் பார்த்தா. இந்த நாளும் போச்சே என்று நினைத்தேன்.

"என்ர செத்தவீட்டிலயும் நிண்டுகொண்டுதான் நிக்கிறியள், என்ன?"

சொல்லிவிட்டுச் சிரித்தா. ஆனால் கண் நிறைந்திருந்தது. பந்தலர் செம்பைக் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம்... சாமான் கொட்டிலுக்க கிடக்கு, பொடியளை எடுத்துக் கட்டச் சொல்லுங்கோ. நான் வரேலாது. மனுசியோட இருக்கிறன்."

போனை நிறுத்தினார். இரண்டு கதிரைகளைத் தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டார். ஒன்றில் அக்காவை இருத்தி, மற்றதில் தானும் இருந்தார். ஒப்பாரி வைத்த மாமிக்குச் சோறு போட்டது நான்தான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா.

பாவம், மனிதருக்குக் கதிரையில் இருந்து பழக்கமில்லை. எழும்பத் தயாராக விளிம்பிலேயே இருந்தார். சரசக்கா அவருடைய தோளைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்து, சாய்த்துவிட்டா.