ஐறீனுக்கு வைத்த கண் பரீட்சை

தன் மனைவி ஐறீனுக்குக் கண் மங்கிவிட்டது என்பதை அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைப்பதென்று சவுந்தரநாயகம் தீர்மானித்தார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்து, ஒரு தீர்மானமும் எடுக்காமலே பென்சனுக்கு வந்தவர் அவர். முதல் தீர்மானம் என்பதால் அதில் உறுதியாக நின்றார்.

மூன்று மாதமாகவே அவருக்குச் சந்தேகம். மருந்துப் போத்தலை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். பஸ் வந்தால் நம்பர் கேட்பாள். அவரும் கம்பீரமாக வாசித்துச் சொல்வார். செவ்வாய்க்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடைக் கோயிலுக்கு நடக்கும்போது இப்போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இருபத்தொன்பது வருடத்தில் ரோட்டில் கை பிடிக்காதவள். வழியில் இரண்டு செக்பொயின்ற். நில் என்று ஆமிக்காரன் காட்டும் கையைக் காணாமல் அவள் நடந்து, அவன் சுட்டுவிட்டால்? அந்த நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண் டாக்டரிடம் போவோம் என்றால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

வழி கொம்பியூட்டரில் கிடைத்தது. கனடாவிலிருக்கும் மகள் கொன்ஸ்ரன்ஸ் எழுதும் மெயிலை வாசிக்க வாங்கிய பழைய கொம்பியூட்டர். அதில் எழுத்து ஒவ்வொன்றும் வடை அளவு. வேறு அளவுக்கு மாற்றவும் முடியவில்லை. திருத்த வந்த நிலாம், வீடியோ டிரைவர் இல்லை என்றான்.

"டிரைவர் இல்லாமலா இவ்வளவு நாளும் ஓடினது?" என்று ஐறீன் கேட்டாள்.

நிலாம் பொறுமையாக விளக்கினான். டிரைவர் என்பது கலியாணத் தரகர் மாதிரி. உன்னால் என்னென்ன அளவில் காட்ட முடியும் என்று திரையிடம் கேட்டு லிஸ்ட் போடும். லிஸ்ட்டில் உள்ளதைத் திரை கட்டாயம் காட்டும். சீடியைப் போட்டதும் ஐந்து அளவுகள் வந்தன. கடைசி அளவுக்குப் போனால் எழுத்து எறும்பாகிவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனான். சவுந்தரநாயகத்துக்குப் பொறி தட்டியது. எறும்பு எழுத்தில் மகளின் மெயிலை வைத்து வாசிக்கச் சொன்னால், ஐறீன் வசமாக மாட்டுவாள்.

மறுநாள் காலை மகளின் மெயிலைத் திறந்து வைத்துவிட்டுக் கடைசி அளவை அமுக்கினார். திரை இருண்டு வெளித்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பெட்டி. அது தானாகப் போகட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பழையபடி வடை எழுத்து வந்துவிட்டது. மூன்று தரம் போட்டார். மூன்று தரமும் அதே கதை. லிஸ்ட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கும் திரையைத் திட்டித் தீர்த்தார்.

சத்தம் கேட்டு ஐறீன் குசினியிலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டார். அவர் தோளுக்கு மேலால் கையை நீட்டி எதையோ அமுக்கினாள். திரை அப்படியே நின்றது.

"என்ன செய்தனீர்?"

"அது கேட்டுது. ஓம் எண்டு சொன்னனான்."

"ஆர் கேட்டது?"

"நடுவில பெட்டி வந்ததல்லோ. இந்த அளவை வைச்சிருக்கவோ, பதினைஞ்சு செக்கனுக்குள்ள சொல்லாட்டி பழையபடி மாத்திப்போடுவன் எண்டு அதில எழுதியிருந்துது. நீங்கள் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறீங்கள்."

நின்ற இடத்தில் நின்றே மகளின் மெயிலையும் திகதி முதல் கடைசி முத்தம் வரை வாசித்தாள். சவுந்தரநாயகம் குனிந்து பார்த்தார். நெற்றி திரையில் முட்டியது. எறும்பு எறும்பாகவே ஊர்ந்தது.

"அப்ப மருந்துப் போத்தல்?"

"உங்களுக்குத் தெரியுதோ எண்டு பாத்தனான். பூசுற தைலத்தை நாளுக்கு மூண்டு தரம் குடிக்கச் சொன்னீங்கள்."

"றோட்டில கையைப் பிடிச்சது?"

ஐறீன் குரலைத் தாழ்த்தினாள். "அண்டைக்கு ஆமிக்காரன் கை காட்டினவன். நீங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டு போறீங்கள். பிடிச்சு இழுத்தன். அண்டையில இருந்து கோயில் வாசல் வரைக்கும் கையை விடுறேல்லை. சொன்னா உங்கட மனம் நோகும் எண்டு விட்டிட்டன்."

அன்று அவள் தடுக்கி விழப்போனாள் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்! அவளுக்காக அவர் பயந்த ஒவ்வொரு செவ்வாயும் அவருக்காக அவள் பயந்திருக்கிறாள். இந்த மனுசி இல்லாவிட்டால் நான் எங்கே கிடந்திருப்பேன் என்று நினைத்து, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் புருசன் என்ற மரியாதை ஒன்று இருக்கிறதே. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "உமக்கெண்டு பொரளையில கண் டாக்டரைப் பாக்க நம்பர் எடுத்து வைச்சனான். இனி அது வீண்தான்."

"வீணாகாது. சட்டை தோய்க்கேக்க கண்டனான். திங்கக்கிழமையே போய்ப் பேரை மாத்திப்போட்டு, துண்டைத் திரும்பவும் பைக்குள்ள வைச்சிட்டன்," என்றாள் ஐறீன். "மூண்டு நாளா எடுத்தெடுத்துப் பாக்கிறீங்களே, அதில இருக்கிறது உங்கட பேர்."