சித்திரை வெயிலில் நூறு சதவீத ஈரம்

துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளத் திருப்பூர்க்காரனுக்கு வாயே வராது. எனக்கும் வரவில்லை. அதில் போனது ஒரு கப்பல்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். (ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "ஏசி ரிப்பேரா கண்ணு?" என்றுதான் விளங்கியது.) கோடை விடுமுறைக்கு முன் துறைத்தலைவர் மேடம் அறிவித்தார்: அவரவர் ஊரில் காற்றின் ஈரப்பதத்தை அளந்து வாருங்கள்; யாருடைய அளவு சுத்தமோ, அவருக்கு வங்காள விரிகுடா ஆய்வுக் கப்பலில் இடம். ஒரே ஓர் இடம்! அதுவரை நான் ஏறிய பெரிய கலம், கொமரலிங்கத்தில் அமராவதி ஆற்றுப் பரிசல். அன்றைக்கே வாந்தி மாத்திரை வாங்கிவிட்டேன்.

கருவி எளிமையானது. இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் குமிழில் துணி சுற்றி, துணியின் வாலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட வேண்டும். துணி உறிஞ்சி ஏற்றும் ஈரம் காயக் காயக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதென்றால் காற்று வறட்சி. வித்தியாசமே இல்லையென்றால் ஈரம் நூறு சதவீதம், அதாவது நாம் மேகத்துக்குள் நிற்கிறோம்.

துறையில் கொடுத்த துணியோ காயத்துக்குக் கட்டிய பாண்டேஜ் போலிருந்தது. பனியன் ஊரின் மானம் என்னாவது? மாமாவின் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஓடினேன்.

"மாமா, நல்ல துணியா ஒரு துண்டு வேணுங்க. சயின்ஸுக்கு."

"சயின்ஸுக்கா? அப்ப சாதா பீஸ் ஆகாது மாப்ளை. ஜெர்மனி ஆர்டர்ல கட் பண்ணிக்க. டாப் குவாலிட்டி!"

மொட்டைமாடியில் கருவியைக் கட்டினேன். இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே கோட்டில். மறுநாளும் அப்படியே. நூறு சதவீதம்! வறட்சியில் என் உதடு வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் அம்மா போட்ட வடகம் மத்தியானத்துக்குள் காய்ந்து கல்லானது. நான் அசரவில்லை. சாயப்பட்டறை நீராவியெல்லாம் திரண்டு, கண்ணுக்குத் தெரியாத மேகமாக எங்கள் தெருமேல் நிற்கிறது என்று கோட்பாடே கண்டுபிடித்து, என் இனிஷியலோடு அதற்குப் பெயரும் வைத்தேன். (துணியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். கருவியை விரலால் தொடக்கூடாது என்று படித்திருந்தேனே!)

போன் போட்டேன். கோவைக்கு ஒரு கருத்தரங்குக்காக வந்திருந்த மேடம், "சித்திரையில் நூறா!" என்று கூவி, அடுத்த பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பெருமை பார்க்க மாமாவும் மாடியேறினார்.

மேடம் தெர்மாமீட்டரைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். வடகத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தில் விரல் நனைத்து, துணிமேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு முத்தாக உருண்டு தரையில் விழுந்தது.

பின்னாலிருந்து மாமாவின் கைதட்டல்.

"பாத்தீங்களா மேடம்! ஒரு சொட்டு ஒட்டாதுங்க! மழைக்கோட்டுத் துணிங்க, வாட்டர் ப்ரூஃப்!"

மேடம் என்னிடம் திரும்பினார். "நனையாத துணியை எதுக்குப்பா சுத்தினே?"

"குவாலிட்டிங்க மேடம்" என்றேன்.

காபி குடித்த மேடம், கடலில் உதவும் என்று மாமாவிடம் நான்கு மழைக்கோட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார். கப்பலேறியது மாமாவின் துணி, நான் இல்லை. இடம் என் வகுப்புத் தோழி செல்விக்குக் கிடைத்தது. திரும்பி வந்து சொன்னாள்: "நடுக்கடல்லகூட நூறு வரலைடா. உங்க மொட்டைமாடியை யாரும் அடிச்சுக்க முடியாது."

காற்று ஈரத்தின் ஆங்கிலப் பெயரை அன்றே மேடத்திடம் கேட்டு மாமா மனப்பாடம் செய்துகொண்டார். எனக்கே தலை நரைத்துவிட்டது. இன்றும் விசேஷ வீட்டில் யாராவது "மாப்ளை என்னங்க படிச்சாரு?" என்று கேட்டால், நான் வாயைத் திறக்குமுன் பந்திக்கே கேட்கிற மாதிரி அவர் சொல்கிறார்:

"ரிலேட்டிவ் ஹியூமிடிட்டிங்க! ரிலேட்டிவ் நானு. ஹியூமிடிட்டி அவரு."