கண் பட்ட இன்ஜின்

நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து சிவசாமியின் ஆயில் இன்ஜின் இருமத் தொடங்கியது. இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் வயலில் மிஞ்சுவது வைக்கோல்தான். திருமயத்துக்கு மேற்கே, கரண்டுக் கம்பம் இன்னும் எட்டிப் பார்க்காத அந்த ஊரில் அதுதான் முதல் இன்ஜின். அதனால் காரணத்தைத் தேடி அவர் அலைய வேண்டியிருக்கவில்லை.

"எல்லாம் ஆவுடையப்பன் கண்ணுதான்," என்றார் மனைவி ராக்காயியிடம். "தெனமும் வரப்புல நின்னு கண்ணைக் கொட்டாம பாக்குறான். வேற எவன் அப்படிப் பாப்பான்?"

ஆவுடையப்பன் பக்கத்து வயல்காரர். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். வரப்புத் தகராறுக்குப் பிறகு சிவசாமியோடு அறவே பேச்சு கிடையாது.

சிவசாமி முன்ஜாக்கிரதைக்காரர். இன்ஜினின் தலையில் கம்பெனிக்காரன் ஒரு கருப்பு டப்பாவை மாட்டி அனுப்பியிருந்தான். கம்பெனிக்காரனுக்கே திருஷ்டி பயம் இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டவர், அதைக் கழற்றிச் சுண்ணாம்புப் புள்ளி வைத்து, எல்லார் கண்ணிலும் படும்படி கொட்டகை வாசலில் தொங்கவிட்டிருந்தார். அத்தனை செய்தும் இந்த இருமல்.

ராக்காயி ஆவுடையப்பனின் காலடி மண்ணை அள்ளி வந்தாள். சிவசாமி அதில் உப்பும் மிளகாய் வற்றலும் சேர்த்து, ஓடுகிற இன்ஜினைச் சுற்றி வந்து, மண்ணை அதன் தலையிலேயே தூவினார். டப்பா இருந்த இடத்து ஓட்டை அதை ஆவலாக உறிஞ்சிக்கொண்டது.

"பாத்தியா, மண்ணை அதுவே கேட்டு வாங்குது!"

இன்ஜின் கரும்புகை கக்கியது. பொல்லாத கண் என்று மறுநாள் இன்னும் ஒரு பிடி கூடுதலாகப் போட்டார். அதற்கும் மசியவில்லை. ராக்காயி மாவுச் சல்லடையை எடுத்தாள்.

"கல்லு கில்லு உள்ள போனா மெசினுக்கு ஆகாதுங்க. நைசா சலிச்சுத் தாரேன்."

சலித்த மண் தங்குதடையில்லாமல் உள்ளே போயிற்று. இன்ஜின் ஒரு விக்கல் விக்கி, நின்றேவிட்டது.

மறுநாள் பொன்னமராவதியிலிருந்து மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார்.

"சிலிண்டர் தேஞ்சு, ரிங்கெல்லாம் போச்சு. உள்ள நடவே நடலாம், அவ்வளவு மண்ணு! காத்தை வடிகட்டுற ஃபில்டர் எங்கங்க? கருப்பா, டப்பா மாதிரி இருக்குமே?"

சிவசாமி வாசல் பக்கம் பார்க்கவில்லை. ராக்காயி பார்த்தாள். மெக்கானிக்கும் பார்த்தார்.

"டப்பா கெடக்குதுங்க," என்று சீறினார் சிவசாமி. வயல் காய்கிற வயிற்றெரிச்சல். "அவன் கண்ணு வைக்கலேன்னா நான் எதுக்கு மண்ணைத் தூவப் போறேன்?"

அப்போது ஆவுடையப்பனின் மனைவி மருதாயி, சண்டையை எல்லாம் மறந்து, மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே, இன்ஜினை ஏண்ணே நிப்பாட்டுனீங்க? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்து ஒண்ணுமே தெரியாதுண்ணே. ஒங்க இன்ஜின் சத்தத்தை வச்சுத்தான் தெனமும் வயலுக்கு வந்து சேருவாரு. இன்னிக்கு ஆளையே காணோம்!"