டிம்பர் அண்ணன் வயிற்றில் வைத்த முட்டு

கோலார் தங்கவயலில் டிம்பர் அண்ணன் தட்டிப் பார்க்காத கூரை ஒன்று இருக்கிறதென்றால், அந்த வீட்டை இன்னும் கட்டவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரக்கட்டையால் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாச்சு, மனுஷன் மட்டும் இன்னும் மேலே ஏறி வரவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், 'வாங்க' என்பதற்குள் கைத்தடியால் கூரையைத் தட்டி, சுரங்கப் பாறை கெட்டியா என்று சத்தத்தில் பார்ப்பதுபோலக் காதைச் சாய்ப்பார். என் கல்யாணத்தில் முகூர்த்தம் முடியும்வரை பந்தல் காலைக் கட்டிப்பிடித்து நின்றார்.

"நீ தாலியக் கட்டு தம்பி, இத நான் பாத்துக்கிறேன்!"

அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. என்றோ குடித்த சாராயம் கணையத்தைப் புண்ணாக்கி, அந்தத் தழும்பு பக்கத்திலிருந்த பித்தக் குழாயை நெரித்துவிட்டதாம். புற்றுநோய் இல்லை என்று பெங்களூர் டாக்டர் சொன்னதும், அவர் மனைவி செல்வி அக்கா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். வாய் வழியாகக் குழாய் விட்டு, நெரிந்த இடம் மூடாமல் முட்டுக் கொடுக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள்.

"இன்னாத்துல செஞ்ச முட்டு டாக்டர்?"

"பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்கா! எங்க மேஸ்திரி உங்கள சுரங்கத்துல எறக்குற கேஜுலயே ஏத்தியிருக்க மாட்டாரு!"

டாக்டர் சிரித்தார். மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து மாற்றிக்கொள்ள வேண்டும், ஒரு வருஷம் போல இப்படி வைத்தால் குழாய் விரிந்துவிடும், அப்புறம் எடுத்துவிடலாம் என்றார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மூணு மாசம் ஆனது. அண்ணன் நகரவில்லை.

"போட்ட முட்ட எவனாவது உருவுவானா? அப்படி உருவின ஒருத்தன சுரங்கத்துல பாத்துகீறேன் தம்பி. மேல எடுத்தாறப்ப அவனுக்கு மூச்சு இல்ல." வயிற்றைத் தட்டிக் காட்டினார். "கேளு. கெட்டியா கீது."

கொஞ்ச நாளில் குளிர்காய்ச்சல் வந்தது. மஞ்சளும் திரும்பியது. பல் கிடுகிடுக்க, அப்போதும் மாட்டேன் என்றார். "செத்துத் தொலையப் போறியாண்ணே?" என்று கத்திவிட்டேன். செல்வி அக்கா கத்தவில்லை, புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்பா, சுரங்கத்துக்குள்ள முட்டுக் கட்ட உளுத்துப் போனா இன்னா பண்ணுவ?"

"மாத்துவேன்."

"மாத்தாம வுட்டா?"

அண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்தார். "முட்டு எடுக்கிறப்ப பின்னாடி ஒருத்தன் நிக்கணும். மேல பாத்துக்கினே நிக்கணும். அது ரூல்ஸ்" என்றார்.

"நான் நிக்கிறேன், எழுந்திருங்க" என்றேன்.

அடைத்துக் கிடந்த ஸ்டென்டை மாற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. அப்புறம் ஒவ்வொரு முறையும் லீவு போட்டுப் போய், ஸ்டென்ட் மாற்றுகிற அறை வாசலில் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். "ஃபேன் ஓடலையா சார்?" என்று நர்சம்மா கேட்டார். கடைசித் தடவை ஸ்டென்டை உருவிவிட்டு, புதுசு வைக்காமலே அனுப்பினார்கள். பித்தக் குழாய் முட்டு இல்லாமலே விரிந்து நின்றது.

ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் வீட்டுக்குள் நுழைந்து, கைத்தடியால் கூரையைத் தட்டினார்.

"நல்லா கீது. நிம்மதியா தூங்கு தம்பி."

அவர் தட்டாத கூரைக்குக் கீழே இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தினமும் வந்துவிடுவார். வரட்டுமே.