ஃப்ரீசரில் வைத்த ஆய்வேடு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையால் எழுதியிருக்கிறேனே என்று பார்க்காதே, காரணம் இருக்கிறது.

இன்று காலை நான் முதலில் செய்த காரியம், இன்னொருவர் போட்ட டீயைப் படுக்கையிலேயே வாங்கிக் குடித்தது. போட்டவர் என் மாமியார். வீட்டில் ஏதோ பெரிய துக்கம் என்று இதிலிருந்தே நீ கண்டுபிடித்திருப்பாய். என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

இந்த வயதில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது சிரிக்காதவள் நீ ஒருத்திதான், அதனால் உனக்கு முழுதாகச் சொல்கிறேன். போன வாரம் இஸ்திரி மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். எழுத எனக்குக் கிடைத்த இடம் அதுதான், சட்டைகள் வந்தால் நான் எழுந்துகொள்ள வேண்டும். திடீரென்று உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டுவது போல டக் டக் என்று சத்தம், அப்புறம் நீலத் திரை, அப்புறம் அதுவும் இல்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்து, "காப்பி எடுத்து வச்சிருப்பியே?" என்றார். வைத்திருந்தேன் அக்கா. அதே லேப்டாப்பில், 'பத்திரம்' என்று பேர் போட்ட ஃபோல்டரில். அப்பா பீரோவின் மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? நான் அவர் பெற்ற பெண்தான், சந்தேகமே வேண்டாம்.

பதறிப்போய் அத்தானுக்குப் போன் போட்டேன். "பயப்படாதம்மா. டிஸ்க்கக் கழட்டி ஒரு பையில சுத்தி ஃப்ரீசர்ல வை. காலைல உசுரு வந்துடும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு வந்துச்சு" என்றார். பட்டாணிப் பாக்கெட்டுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே வைத்தேன். மறுநாள் நான் எழுவதற்குள் அத்தை அதை எடுத்து, கழுவி, பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்திருந்தார். "யாரு டிபன் பாக்ஸோ தெரியல, மூடி தொறக்கவே வரல" என்றார். நான் அழவில்லை. கவிழ்த்து வைத்ததால் தண்ணீர் வடிந்திருக்கும் என்று ஆறுதல்பட்டேன். அந்த அளவுக்குப் போய்விட்டது புத்தி.

ரிப்பேர்க் கடைக்காரர் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "என்ன மேடம் பண்ணீங்க இத?" சொன்னேன். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "வச்சுட்டுப் போங்க. ஆனா நம்பிக்கை வைக்காதீங்க" என்றார்.

எழுதியது போனால் மறுபடி எழுதலாம். ஆனால் ஆஸ்பத்திரிகளில் இரவு டூட்டி பார்க்கும் ஆயாக்கள் என்னிடம் பேசியதெல்லாம் அதற்குள்தான் பதிவாகியிருந்தது. அதில் ஒருவரை வார்டே 'ரேடியோக்கா' என்று கூப்பிடும். வாய் ஓயாது. "எங்கிட்ட யாரும்மா இதெல்லாம் கேட்டாங்க" என்று ஆரம்பித்தவர், நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். இந்த வருஷம் இறந்துபோனார். அவர் மகள், "அம்மா குரல ஒரு தடவ போட்டுக் காட்டுங்கக்கா" என்று கேட்டிருந்தாள். அந்தப் பெண் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? முதலில் நோய் கொண்டுபோனது, மிச்சத்தை நான் கொண்டுபோனேன்.

வீடே துக்க வீடாகிவிட்டது. வீட்டுக்காரர் தன் சட்டைகளைத் தானே, ஹாலில், சத்தமில்லாமல் தேய்த்துக்கொள்கிறார். உள் அறையை எனக்கு விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து வந்து உட்கார்ந்து, "எத்தன வருஷமா இழுத்துக்கிட்டிருந்துச்சு?" என்று கேட்க, அத்தை கண்ணைத் துடைத்தபடி, "நாலு வருஷம். இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். நேற்று இவர் என் தலையைத் தடவி, "போதும்டி, விட்டுடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் சரி என்றுவிட்டேன். ஆக, படிப்பை விட்டாயிற்று.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அத்தானுக்கு வணக்கம். ஃப்ரீசரிலிருந்து உயிர் வந்ததே, அந்த ஆபீஸ்காரரை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல்லச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு. கவரை ஒட்டப் போகும்போது கடைக்காரர் கூப்பிட்டார். "மேடம், எல்லாம் வந்துருச்சு. எப்படின்னு எனக்கே தெரியல." சும்மா நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய், எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் வாங்கி வந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் ஹெட்போனை மாட்டி, ரேடியோக்காவைப் போட்டேன். "சட்டுபுட்டுனு கேளும்மா, டூட்டிக்கு நேரமாவுது" என்றார். அப்போதுதான் அழுதேன். அந்த நேரம் பார்த்து அத்தை டீயோடு வந்தார். என் கண்ணைப் பார்த்துவிட்டு, டீயை வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். ஆராய்ச்சி செய்தபோது இந்தக் கதவை எனக்காக யாரும் சாத்தியதில்லை.

நாளைக்கு முதல் வேலை, குரலை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. இன்னொரு காப்பி இந்தக் கவரிலிருக்கும் பென்டிரைவில் இருக்கிறது. உன் பீரோவில் வை, மாற்றுச் சாவியை வெளியே வை. அத்தானிடம் மூச்சுவிடாதே, ஃப்ரீசரால்தான் பிழைத்தது என்பார். இங்கே யாருக்கும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தை முடிக்கும்வரை, இந்த வீட்டைப் பொறுத்தவரை, அது செத்ததாகவே இருக்கட்டும்.