கங்கதாய் ஆன பனியன்

எதையும் எண்ணாமல் விட என்னால் முடியாது. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. பல் துலக்க நூற்று இருபது தேய்ப்பு. (நூற்றுப் பத்தொன்பதில் நிறுத்தினால் அன்றைக்கு முழுக்க மனசு சரியிருக்காது.) இப்படிப்பட்ட நான் ஆயுளில் ஒரே ஒரு முறை எண்ண மறந்தேன். அதை மட்டும் வீட்டில் யாரும் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.

எண்பதுகளின் கடைசி. முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். படிப்பு எம்.ஏ. வரலாறு. அதுவரை உள்ளூர்க் காதர்பேட்டைச் சந்தைக்கு மட்டுமே சரக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் முதலாளியைத் தேடி முதன்முதலாக ஒரு வெளிநாட்டு ஆள் வந்தார். ஜெர்மனியில் கடை வைத்திருந்த துருக்கிக்காரர். கண்ணெதிரே துணியை வெளுத்துக் காட்டினால் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஆர்டர் கெடச்சா நீங்கதானுங்க எக்ஸ்போர்ட் மேனேஜர்" என்றார் முதலாளி.

நான் இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். இரண்டுமே என் தலையில் விழுந்தன.

முதல் ஏற்பாடு, நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு துருக்கி மண்ணில் ஹிட்டைட்டு என்று ஒரு மொழி இருந்ததாம். அதில் 'தூய்மை செய்' என்பதற்கு 'கங்கதாய்' என்று ஒரு வினைச்சொல்லாம். அரைப் பக்கம்தான் படித்திருந்தேன். அதற்குள் எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் கங்கைதான் அங்கே போய் வினைச்சொல்லாகியிருக்கிறது என்று நானே முடிவு கட்டிப் புத்தகத்தை மூடினேன்.

இரண்டாவது, என் கைக்கடிகாரம். வெளுக்கிற தொட்டிக்கு மேஸ்திரி மாரப்பண்ணன். தொட்டியை மோந்து பார்த்து, ஈரத்துணியின் ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்து, "எடுங்கப்பா" என்பார். இதெல்லாம் விஞ்ஞானம் இல்லை என்று முதலாளியிடம் ஓதிவைத்தேன். அன்று அவசரத்துக்காக பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். சரியாக இருபது நிமிடத்தில் துணியை எடுத்துவிட வேண்டும்.

"மாரப்பா, இன்னைக்கு சார் சொன்னாத்தான் எடுக்கோணும்" என்றார் முதலாளி.

"சரீங்க" என்றார் மாரப்பண்ணன். என் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

துணி தொட்டிக்குள் போனது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். முதலாளி டீ சொல்லப் போனார். துருக்கிக்காரர் சும்மா நின்றார். சும்மா நிற்கிறாரே என்று ஆரம்பித்தேன்.

"உங்கள் ஊரில் பழங்காலத்தில் கங்கதாய் என்று ஒரு சொல்..."

"நான் கேட்டதே இல்லையே" என்றார் அவர். "எங்கள் மொழி வேறு. நீங்கள் சொல்கிறவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்."

"அதனால்தான் நான் சொல்கிறேன்" என்றேன்.

இமயமலையிலிருந்து தொடங்கினேன். பாரசீகத்தைத் தாண்டும்போது மாரப்பண்ணன், "சார், எடுத்துப் போடலாங்களா?" என்றார். கையைக் காட்டி அடக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சார், வாசம் மாறிப்போச்சுங்க" என்றார். மறுபடியும் கை. மூன்றாம் முறை என் பக்கத்திலேயே வந்து நின்றார். "சார், எனக்குப் பயமா இருக்குதுங்க."

"கொஞ்சம் பொறுங்கண்ணா, கங்கைகிட்ட வந்துட்டேன்!"

கங்கையை முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். துணி உள்ளே போய் ஒரு மணி பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

துணியை எடுத்தார்கள். அப்படி ஒரு வெள்ளையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. போன இடத்தில் டிரங்க் காலில் மாட்டிக்கொண்டு, இப்போதுதான் டீயோடு வந்த முதலாளியின் முகம் மலர்ந்தது. துருக்கிக்காரர் துணியை இரண்டு கட்டைவிரலால் லேசாக இழுத்தார். கிழிகிற சத்தமே இல்லை. இரண்டு விரலும் அந்தப் பக்கம் வந்து நின்றன.

"வெள்ளை பிரமாதம்" என்றார். "பனியன் எங்கே?"

முதலாளி கத்தவில்லை. "சார், நீங்க போயி ஆபீசுல உக்காருங்க" என்றார். (திட்டும்போதும் 'ங்க' போடுகிற ஊர். அதுதான் அதிகம் வலிக்கும்.)

மறுநாள் மாரப்பண்ணன் மூக்கையும் இரண்டு விரலையும் மட்டும் நம்பி இன்னொரு தொட்டி வெளுத்தார். ஆர்டர் கிடைத்தது. எனக்குச் சொன்ன மேனேஜர் பதவி, பிளீச்சிங் மேனேஜர் என்று பெயர் மாறி அவருக்குப் போனது. அந்த நியமனக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். பிழை பூஜ்யம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் மீதி அரைப் பக்கத்தைப் படித்தேன். பதினாறே வரி. கங்கதி என்று ஒரு செடியாம். சடங்கில் தீட்டுக் கழிக்க அதைப் பயன்படுத்துவார்களாம். அந்தச் செடியின் பெயரிலிருந்து பிறந்ததுதான் கங்கதாய். அது என்ன செடி என்று இன்றைக்கும் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். கங்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் சொல் தொட்டிக்கரையிலேயே ஒட்டிக்கொண்டது. துணி நைந்தால், "கங்கதாய் ஆயிப்போச்சுங்க" என்றார்கள். மாரப்பண்ணன் அதை என் மனைவி காதில் போட்டார். வாணலியின் கறுப்புப் பூச்சு போகிற வரை தேய்த்தால் இப்போது எங்கள் வீட்டில் அது கங்கதாய். போன வாரம் குளியலறைக் கதவுக்கு வெளியே மகள் வயிற்றுப் பேத்தியின் குரல்:

"அப்புச்சி, பல்லைக் கங்கதாய் பண்ணிப்போடாதீங்க! எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு!"

மண்ணோடு போன மொழி என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அது தவறு. அந்த மொழியை அறிந்தவர்கள் இன்று எங்கள் வீட்டில் ஆறு பேர். அறிந்த சொல் ஒன்று. அதன் பொருள் நான்.