கெட்டி மேளத்துக்கு டேட்டா இல்லை

வீட்டு வைஃபை பாஸ்வர்ட் யாருக்குத் தெரியுமோ அவர்தான் சொந்தக்காரர். பங்காளி முறை, மாமன் முறை எல்லாம் அதற்குப் பிறகுதான். தீபாவளிக்கு மலேசியாவில் எங்கள் சுங்கை ஊடாங் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, “பாஸ்வர்ட் என்னா லா?” என்றுதான் கேட்பார்கள். முறுக்கை அப்புறம்தான் தொடுவார்கள்.

என் அக்கா மாலதியின் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத சொந்தக்காரர் கிடையாது. செய்யட்டும். நான் தப்பு செய்ததாக இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, இனிமேலும் மாட்டேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாருடைய போனுக்கும் சேர்த்து ஒரே டேட்டா ப்ளான். ஒரு தொட்டித் தண்ணீரை நாலு பேர் மொண்டு குடிக்கிற மாதிரி, மாதக் கடைசிவரை தாங்க வேண்டும். அந்தத் தொட்டிக்கு நான்தான் காவல். யாரும் என்னை நியமிக்கவில்லை. (நல்ல காவல்காரனை யார் நியமித்தார்கள்?) வெளியே போனால் பாட்டு மட்டும் கேட்க வேண்டும், படம் ஓடக்கூடாது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக வரக்கூடாது. ஒலித் தரம் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். “நீ வெச்சிருக்கிற தரத்துல எல்லாப் பாடகருக்கும் சளி புடிச்சிருக்குடா” என்பாள் அக்கா. பிடிக்கட்டுமே. டேட்டா மிச்சமாகிறதா இல்லையா?

கல்யாணம் கோலா சுங்கை பாரு பக்கம், அத்தானின் குடும்பம் பிழைத்த தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். சுற்றிலும் செம்பனை மரங்கள். போனில் சிக்னல் கோடு ஒன்று வரும், இரண்டு போகும். பெண் வீட்டார் நாங்கள், அதனால் மேளம் எங்கள் பொறுப்பு. விடிந்ததும் மேளக்காரர் அழைத்தார். வேன் வழியிலேயே படுத்துவிட்டதாம், முகூர்த்தத்துக்கு வந்து சேர முடியாதாம்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் அம்மாவுக்குப் பணம் போனால் கவலையில்லை, சகுனம் போனால் சோறு இறங்காது.

“தாலி ஏறுற நேரத்துல ஒருத்தர் தும்முனா போதும். அந்தச் சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதான் மேளமே. மேளம் இல்லாம எப்படிடா?”

“கவலைய விடுங்கம்மா. போன்ல இருக்கு.”

“டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கியா?” என்றாள் அக்கா. தலையில் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள், திரும்ப முடியவில்லை. கண்ணாடி வழியாகவே முறைத்தாள்.

“ஸ்ட்ரீம் பண்ணிக்கலாம் லா. கெட்டி மேளத்துக்கு ஒரு போட்டோ அனுப்புற டேட்டாகூட ஆகாது.”

இது உண்மை. இப்போதும் அடித்துச் சொல்கிறேன், ஆகாது.

மண்டபத்தில் லைன் கிடைத்தது ஒரே இடத்தில்தான்: பின்பக்கம், வடை சுடுகிற இடத்துக்கு மேலிருந்த ஜன்னலில். ஸ்பீக்கரோ மணமேடைப் பக்கம். ஆகவே என் போனை ஹாட்ஸ்பாட் போட்டு ஜன்னலில் வைத்தேன். சிம் இல்லாத பழைய போன் ஒன்றை ஸ்பீக்கரில் மாட்டினேன். அந்தப் பழைய போனில் ஒரு குறை. கீழ்ப்பாதித் திரை செத்துப் போயிருந்தது, பாஸ்வர்ட் தட்ட முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு வைஃபை மட்டும்தான்.

சாதாரண மனிதன் இங்கே கைவிட்டிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஹாட்ஸ்பாட்டுக்கு எங்கள் வீட்டு வைஃபையின் பெயரையே வைத்தேன். பாஸ்வர்டும் அதேதான். பழைய போன், வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. நாதஸ்வரம் ஒலித்தது. தரம் அடிமட்டம்தான், ஏதோ தகர டப்பாவுக்குள் கொசு பாடுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் மங்கலமான கொசு. அம்மா முகம் தெளிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கூட்டம் வந்தது. மலாக்காவிலிருந்து பெரியப்பா வீட்டார், அத்தை வீட்டார், அம்மாவின் தம்பி ரவி மாமா என்று எங்கள் பக்கத்து ஆட்கள் முன்வரிசையை நிரப்பினார்கள். சடங்குகள் நடந்தன. அக்கா கூறைப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். ஐயர் தாலியை எடுத்து அத்தான் கையில் கொடுத்தார். நான் பழைய போனில் கெட்டி மேளத்தைத் தயாராக வைத்து, விரலை மேலே நிறுத்திக்கொண்டேன்.

“கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்றார் ஐயர்.

அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மண்டபத்தில் அப்படி ஒரு நிசப்தம். வடை எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. அத்தான் இரண்டு கையிலும் தாலியைப் பிடித்தபடி அக்கா கழுத்துக்குப் பின்னால் நின்றார். ஐயர் என்னைப் பார்த்தார். அத்தானைப் பெற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அம்மாவை நான் பார்க்கவில்லை, தைரியம் இல்லை.

அந்த நேரத்தில் ரவி மாமா முன்வரிசையிலிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

“டேய் சிவா, யார்ரா இந்தத் தோட்டத்துல லைன் இல்லன்னு சொன்னது? என் போன்ல இருந்த போட்டோ, வீடியோ பூரா மேல ஏறிடுச்சு லா! ரெண்டு மாசமா ஏறாம இருந்துச்சு!”

“எனக்கும்தான்” என்றார் பெரியப்பா. “எல்லாம் தானா அப்டேட் ஆயிடுச்சு.”

“மாமா,” என்றேன். “நீங்க எந்த வைஃபைல இருக்கீங்க?”

“உங்க வீட்டு வைஃபைதான். என்னா பவர்டா அது, சுங்கை ஊடாங்லேர்ந்து இங்க வரைக்கும் வருது!”

புரிந்துவிட்டது. போனுக்கு மண்டபமும் தெரியாது, எங்கள் வீட்டு ஹாலும் தெரியாது. பெயரும் பாஸ்வர்டும் ஒத்துப்போனால் உரிமையோடு நுழைந்துவிடும், சொந்தக்காரர்களைப் போலவே. வைஃபைதானே என்று நினைத்து, மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த போட்டோக்களையும் அப்டேட்களையும் அத்தனை போன்களும் என் ஹாட்ஸ்பாட்டில் இறக்கிவிட்டன. நான் சொட்டுச் சொட்டாகக் காத்த தொட்டியை, எனக்குத் தாலாட்டுப் பாடிய கைகளே காலி செய்துவிட்டன. (தாலாட்டு கையால் பாடுவதில்லை என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த நிலைமை அப்படி.)

“தம்பி, நேரம் போகுது” என்றார் ஐயர்.

“மேளம் இல்லாம கட்டக்கூடாது!” என்று அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

அப்போது ரவி மாமாவின் முகம் கோணியது. அவருக்கு சைனஸ். ஓமப் புகை நேராக அவர் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. மூக்கு விடைத்தது, வாய் திறந்தது. “ஆ… ஆஆ…”

அக்கா தலையைத் தூக்கினாள். மணப்பெண் தலையைத் தூக்கக்கூடாது, ஆனாலும் தூக்கினாள். ஐயரின் மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“சிவா! ஏதாவது பண்ணித் தொலைடா!”

மைக்கைப் பிடுங்கினேன். மூச்சை இழுத்தேன். “பீஈஈ… பீபீபீ… பிப்பீஈஈ!” என்று ஊதினேன். ஊதினேன் என்றா சொன்னேன்? அலறினேன். எனக்குச் சங்கீதத்தில் கேள்வி ஞானம்கூடக் கிடையாது. வாசித்த ராகம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு கணம் மண்டபமே வாயைப் பிளந்தது. பிறகு பெரியப்பா பக்கத்து நாற்காலியின் முதுகைத் தட்டினார், “டும் டும் டும்!” என் அத்தை, அவர் பிள்ளைகள், அத்தானின் சித்தப்பா என்று ஆளாளுக்குக் கையில் கிடைத்ததைத் தட்டினார்கள். வடை சுட்ட அண்ணன் கரண்டியால் சட்டியையே போட்டு வெளுத்தார். அந்த இரைச்சலில் தாலி ஏறியது. அக்கா அழுதாளா சிரித்தாளா என்று வீடியோவைப் பார்த்தாலும் தெரியவில்லை.

ரவி மாமா தும்மினாரா? ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் காதிலும் விழவில்லை. மேளம் எதற்கு என்று அம்மாவே சொன்னாளே, அந்த வேலையை நான் முடித்துக் கொடுத்தேனா இல்லையா? டேட்டாவை விழுங்கியவர்கள் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், பெயர் கெட்டது எனக்கு. இதுதான் நியாயமா?

அதிலிருந்து சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் ஐயர் “கெட்டி மேளம்” என்றாலும், எங்கள் ஆட்கள் மணமக்களைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்ப்பார்கள்.

போன வருடம் எனக்கே கல்யாணம். மலாக்காவில் ஏசி மண்டபம், முழு மேளக்குழு, எல்லாரும் ஒரு மணி நேரம் முன்பே ஆஜர். தாலியைக் கையில் எடுத்தேன். “கெட்டி மேளம்!” என்றார் ஐயர். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுப்பதற்குள் முன்வரிசை முழுக்க எழுந்து நின்று, “பீஈஈ… பீபீபீ!” என்றது. அக்கா எல்லாரையும்விடச் சத்தமாக. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார். நானா விடுவேன்? தாலி கட்டிக்கொண்டே நானும் சேர்ந்து கத்தினேன்.

பெண் வீட்டார் மிரண்டு போனார்கள். என் மாமியார் மெதுவாக அம்மா பக்கம் சாய்ந்து, “என்னாங்க சம்பந்தி இது?” என்று கேட்டார்.

அம்மா கண் இமைக்காமல் சொன்னாள். “எங்க பக்கத்து வழக்கங்க. தாலி ஏறுறப்ப குடும்பமே வாயால ஊதணும். நீங்களும் ஊதுங்க.”

மாமியாரும் ஊதினார்.